வரி கட்டாத கல்

அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் மரக்கறிக் கடைக்காரர். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில், மேம்பாலத்தில் மெத்ரோ ஓடும் சத்தம் கேட்கிற இடத்தில் அவர் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலை நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கல்லாவிலிருந்து கேட்டார்.

"அக்கா, உங்கடை ஐயா முந்தித் துவானிலை வேலை செய்தவர் எண்டு சொன்னனீங்கள் எல்லே?"

பிரெஞ்சுக்காரர்கள் சுங்கத்துக்குச் சொல்லும் சொல் துவான். இங்கே யாழ்ப்பாணத்துக்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம்.

"ஆமா, அப்பா சைகோன்ல இருந்தாரு. ஏன்?"

"இஞ்சை ஒரு பிள்ளை வந்தது. இந்தியாப் பிள்ளை. வெள்ளைக்காரன்ரை காலத்திலை உத்தியோகத்தர்மாருக்கு வரியில்லாமல் சாமான் வந்ததாம். அதைப் பற்றிப் படிக்குதாம். பழைய ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டது. உங்கடை நம்பரைக் குடுக்கட்டோ?"

கொடுங்கள் என்றேன். அவர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "அதிலை ஆராய என்ன கிடக்கு எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. எங்கடை நாட்டிலை இப்பவும் அரசாங்க ஆக்களுக்கு வரியில்லாமல் வாகனப் பெர்மிட் குடுக்கிறவை. என்ரை மச்சான் அப்பிடித்தான் கார் எடுத்தவர். ஊர் முழுக்க ஓடித் திரியிறார்."

நானும் துவானில் வேலை பார்த்தவள்தான். ரெத்ரெத், அதாவது ஓய்வு, வாங்கும்வரை விமான நிலையத்தில் இருந்தேன். என்னிடம் அந்தப் பெண் ஏதாவது கேட்பாளா என்று நான் கடைக்காரரிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பழைய காலம். நான் அவ்வளவு பழையவள் இல்லை.

அப்பாவுக்குத் தொண்ணூற்றைந்து நெருங்குகிறது. அம்மா போன பிறகு மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டில்தான் இருக்கிறார். நகருக்கு வெளியே பொண்டியில் தம்பிக்குத் தோட்டத்தோடு வீடு இருக்கிறது, அங்கே போக மாட்டேன் என்கிறார். கேட்டால், அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு மனுஷன் கண்ணில் படுவதில்லை என்பார். காது கொஞ்சம் மந்தம். ஞாபகத்தில் பழுதில்லை. ஆனால் வேலையைப் பற்றி வீட்டில் பேசுகிற வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. நான் துவான் பரீட்சை எழுதித் தேறிய செய்தியைச் சொன்னபோது கூட, "நின்னுகிட்டே செய்யற வேலை. நல்ல செருப்பா வாங்கிக்க" என்று மட்டும்தான் சொன்னார்.

அந்தப் பெண் தொலைபேசியில் பேசியதை அப்பாவிடம் சொன்னேன்.

"என்ன கேப்பாளாம்?"

"பிராஞ்சீஸ் பத்தி."

பிராஞ்சீஸ் என்றால் வரிவிலக்கு. யாருடைய பெட்டிகள் வரி இல்லாமல் உள்ளே வரலாம் என்கிற சலுகை.

"அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவள் வருவதற்கு வெகுநேரம் முன்பே முகம் மழித்து, கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கோயம்புத்தூர்க்காரப் பெண். இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். முதலில் அவரை சார் என்றாள். காபி வந்ததும் தாத்தா ஆகிவிட்டார். தொலைபேசியை மேசைமேல் வைத்து, பதிவு செய்யலாமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

அன்றைக்கு அவர் சொன்னதெல்லாம் விதிகள்தான். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்குப் பிரான்சிலிருந்து உத்தியோகத்துக்கு வருகிறவர்களுக்கு பிராஞ்சீஸ் உண்டு. முதல்முறை வந்து இறங்கும்போது வீட்டுச் சாமான் எல்லாம் வரியின்றி வரலாம். கட்டில், பீரோ, பீங்கான், படுக்கைத் துணி. ஆனால் ஏற்கெனவே வீட்டில் புழங்கிய சாமானாக இருக்க வேண்டும், கடையில் வாங்கி அப்படியே கட்டிய புதுச் சரக்காக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு மாதந்தோறும் சாப்பாட்டுச் சாமான் இவ்வளவு என்று ஓர் அளவு. வைன், வெண்ணெய் டின், பால் டின், பாலாடைக்கட்டி. மேலதிகாரிக்கு அளவு கூட, கீழதிகாரிக்குக் குறைவு. அவர் வேலை பார்த்த கொட்டகையில்தான் இந்தப் பெட்டிகள் வந்து இறங்கும். பெட்டியைப் பார்த்து, பெயரைப் பார்த்து, போகலாம் என்று முத்திரை குத்துவது அவருடைய மேசை வேலை.

"இண்டியன்ஸுக்கு அந்த எக்ஸம்ப்ஷன் குடுக்கலைன்னு படிச்சேன் தாத்தா. பாண்டிச்சேரிலருந்து போனவங்க பிரெஞ்ச் சிட்டிசன்ஸா இருந்தும் குடுக்கலைன்னு. அந்த டிஸ்கிரிமினேஷன் உங்களுக்கும் நடந்துச்சா?"

"நடந்துச்சு. அப்புறம் நடக்கல."

"அப்படின்னா?"

"அடுத்த வாரம் வாம்மா. இன்னைக்கு எனக்குக் களைப்பா இருக்கு."

களைப்பு ஒன்றும் இல்லை. அவள் போன பிறகு தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார். யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எதை யோசிக்கிறார் என்பது புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சொன்ன கதையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அப்பா விடுப்பில் புதுச்சேரிக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு தனியாகச் சைகோன் திரும்பினார். அம்மா சில மாதம் கழித்துத் தன் சித்தப்பாவின் துணையோடு கப்பலேறி வந்தார். பாத்திரம், பாய், மெத்தை, துணிப்பெட்டி எல்லாம் பயணியின் மூட்டை என்ற கணக்கில் கேள்வி இல்லாமல் வந்துவிட்டன. ஓர் ஆட்டுக்கல் மட்டும் பயணி மூட்டையில் சேரவில்லை. தனி ஆளால் தூக்க முடியாத கல். அது கப்பலின் அடித்தளத்தில் சரக்காக வந்தது. சரக்கு என்றால் வரி உண்டு, பிராஞ்சீஸ் இருக்கிற உத்தியோகஸ்தரின் வீட்டுச் சாமானாக இருந்தால் ஒழிய.

கொட்டகைக்குத் தலைவராக ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இருந்தார். அப்பா அவரிடம் போய், இது என் வீட்டுச் சாமான், பிராஞ்சீஸில் விடுங்கள் என்று கேட்டார்.

"ரெண்டு காரணம் சொன்னான்" என்றார் அப்பா. "ஒண்ணு, நீ பிரான்சுலருந்து வந்தவன் இல்ல, பாண்டிச்சேரில சேந்தவன், உனக்கு பிராஞ்சீஸ் கெடையாது. ரெண்டு, இது புதுக் கல்லு. பாரு, உளித் தடம் வெள்ளையாத் தெரியுது, நேத்து கொத்தின மாதிரி இருக்குன்னான்."

கல் பழசுதான். அம்மாவின் வீட்டில் வருஷக்கணக்காக அரைத்த கல். மகளோடு அனுப்புகிறோமே என்று கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் ஆள் வைத்துக் குழியையும் குழவியையும் புதிதாகக் கொத்திக் கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம் அங்கே போய் வினையாக முடிந்தது.

"நீங்க எக்ஸ்பிளைன் பண்ணலையா தாத்தா?"

"பண்ணேன். கல்லுன்னா கொத்துவாங்கன்னு சொன்னேன். அவன் நம்புனான்னுதான் நெனக்கிறேன். ஆனா மொதக் காரணம் இருக்கே. அதுக்கு நான் என்ன சொல்றது?"

வரி பெரிய தொகை இல்லை. கட்டிவிட்டு எடுத்து வந்திருக்கலாம் என்று அம்மாவே சொன்னாராம். ஆனால் அன்று காலையில்தான் புதிதாக வந்திறங்கிய ஓர் அதிகாரியின் சாமான்களுக்கு அப்பா தன் கையாலேயே முத்திரை குத்தியிருந்தார். பெட்டி பெட்டியாக வைன். அதோடு பிரிக்காத காகிதத்தோடு ஒரு புதிய காபி அரைக்கும் இயந்திரம். வீட்டில் புழங்கிய சாமான் என்று அதற்கும் முத்திரை குத்தி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனால கட்ட மாட்டேன்னுட்டேன். கல்லு கொட்டாய்லயே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன். உங்கம்மாவுக்குக் கோவம். 'அப்ப அந்தக் கல்லையே கட்டிக்கிட்டுக் கொட்டாய்லயே படுங்க'ன்னா."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் குரல் எனக்கு அப்படியே கேட்டது.

அம்மா கோபத்தில் சொன்னதில் பாதியை அவர் செய்தும் விட்டார். வரி கட்டாத சரக்கு வெளியே போகக் கூடாது, அதுதான் விதி. உள்ளே இருக்கிறவரை யாரும் வரி கேட்க முடியாது. அப்பா ஒரு சனிக்கிழமை ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மதியம் மேசைகளை மூடிய பிறகு, கொட்டகையின் மூலையில், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து அரைத்தார். மாவை வாளியில் எடுத்துக்கொண்டு வாசலில் காவல்காரனிடம் காட்டினார். மாவு கப்பலில் வந்த சரக்கு இல்லையே.

நான் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டேன். "அப்பா, துவான் காவல்ல இருக்கற சரக்கை யாரும் தொடக் கூடாது. உபயோகிக்கவே கூடாது. அது குத்தம்."

அப்பா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பாத்தியா? இவகிட்ட இத்தினி வருஷம் சொல்லாம இருந்ததுக்கு இதான் காரணம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலைக்காலம் முழுக்க, தூதரகத்துச் சாமான்கள் முத்திரையோடு வந்தால் திறக்காமல் அனுப்புவோம். அதற்கு அடுத்தபடி வரிசையில் நிற்கிற ஒரு சாதாரண அம்மாளின் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம். விதி அப்படி. அந்த விதியோடு நான் சண்டை போட்டதில்லை, அதை வளைத்துப் பார்க்கவும் நினைத்ததில்லை. அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். வெறும் உடம்போடு சுங்கக் கொட்டகையில் உட்கார்ந்து மாவரைத்த மனிதரை எனக்குப் பழக்கமில்லை.

அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு வியட்நாமியர் இருந்தார். ஏறக்குறைய ஒரே வயது. அதே வேலை. அப்பா முத்திரை குத்தியதும் சரக்கு வெளியே போவதற்கான சீட்டை எழுதித் தருவது அவர் மேசை. இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். முதல் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகாமல் நின்று அப்பா அரைப்பதைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் அரிசி அரைக்கற கல்லு உண்டுன்னான். ஆனா அவங்களுது வேற மாதிரி. மேக்கல்லு சுத்தும், அடிக்கல்லு நிக்கும். ஓரமா மாவு வழியும். நம்மளுது ஏன் இப்படிக் குந்திக்கிட்டுச் சுத்தணும்னு கேட்டான். அப்புறம் அவனே குழவியப் புடிச்சுச் சுத்திப் பாத்தான். வேகமாச் சுத்திட்டான். தண்ணியெல்லாம் எம்மேல."

அடுத்த வாரம் அவரும் வீட்டிலிருந்து ஊறவைத்த அரிசி கொண்டுவந்தார். அவர்கள் வீட்டுக் கல் விரிசல் விட்டிருந்ததாம். அவர் மனைவி அந்த மாவில் மெல்லிசாக ஆவியில் வேகவைத்து ஒரு பலகாரம் செய்வார். அப்பாவுக்கு வாழையிலையில் வைத்து வரும். அம்மா இட்லி கொடுத்தனுப்புவார். ஒரு சனிக்கிழமை அப்பா குழவியைச் சுற்றினால் அவர் மாவைத் தள்ளிவிடுவார், அடுத்த சனிக்கிழமை அவர் சுற்றினால் அப்பா தள்ளிவிடுவார். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. கொட்டகைக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பேச முடியாது, சும்மா உட்கார்ந்து அரைப்போம் என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டார். அப்பா எழுந்து நின்றார். கல் வெளியே போகவில்லை ஐயா என்றார். இன்ஸ்பெக்டர் கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தரையைத் துடைத்துவிட்டுப் போங்கள், சரக்குகள் நனையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் இதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டாள். "இது ஒரு ரெஸிஸ்டன்ஸ் தாத்தா" என்றாள்.

"என்னது?"

"எதிர்ப்பு. நீங்க காலனியல் ரூலை எதிர்த்திருக்கீங்க."

"நான் எதுக்கும்மா எதிர்க்கறேன். நானே துவான்காரன்தான."

அவள் அடுத்து வருவதற்குச் சில வாரம் ஆகிவிட்டது. ஏதோ கருத்தரங்கு. அப்பா இரண்டு முறை கேட்டார், "அந்தப் பொண்ணு எப்ப வரும்?" என்று. கதை முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன். முடியவில்லை என்றார். மிச்சத்தை என்னிடம் சொல்லவும் இல்லை.

மூன்றாம் முறை அவள் வந்தபோது அவளுக்குக் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் தொடங்கிவிட்டார்.

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் பிரஜைகளையும் பிரான்சிலிருந்து வந்தவர்களோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று மேலிடத்தில் வெகுகாலம் வழக்காடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அது எப்படியோ நிறைவேறிவிட்டது. ஒருநாள் காலையில் அப்பாவுக்கு பிராஞ்சீஸ் வந்துவிட்டது. இன்னும் காவலில் கிடக்கும் சாமானுக்கும் அது செல்லும் என்று புதியவர் சொன்னார். கல்லை எடுத்துக்கொண்டு போகலாம்.

"வெளிச்சீட்டு எழுதறது அவன் மேசை" என்றார் அப்பா. "அவன்தான் எழுதணும். எழுதினான். அழகான கையெழுத்து அவனுக்கு. 'உத்தியோகஸ்தரின் வீட்டில் புழங்கிய சாமான், வரிவிலக்கு'ன்னு எழுதி எங்கையில குடுத்தான். வாழ்த்துன்னான்."

"அவருக்கு எக்ஸம்ப்ஷன் வரலையா?"

"அவனுக்கு எப்படி வரும்? அவன் அந்த ஊர்க்காரன்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். அப்பா தொடர்ந்தார். கல்லை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அரைத்துக்கொள் என்று அப்பா நண்பரிடம் சொன்னார். நண்பர் வருகிறேன் என்றார், வரவில்லை. அதற்கடுத்த வாரமும் சொன்னார். தூரம் என்றார். தூரம்தான், ஆனால் அவரிடம் சைக்கிள் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் பழையபடி வேறு குமாஸ்தாக்களோடு போகத் தொடங்கினார். சண்டை எதுவும் இல்லை. காலையில் வந்தால் கை கொடுப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார்.

பிறகு அவருக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் போதவில்லை. வெளியே கடைகளில் பால் டின் யானை விலை விற்ற காலம். அப்பாவின் மாத அளவில் பால் டின் வரும், எங்கள் வீட்டில் அப்போது குழந்தை இல்லை.

"என் கணக்குல எடுத்துத் தரேன்னேன். காசு வேணாம்னேன். அவன் பேனாவக் கீழ வச்சான். 'உன் வீட்டுக்கு வாங்கு. நான் கடைல வாங்கிக்கறேன்'னான். கோவமாச் சொல்லல. சீட்டு எழுதிக் குடுக்கற மாதிரி சொன்னான். அப்புறம் பேனாவ எடுத்துக்கிட்டான்."

"நீங்க ஃபீல் பண்ணீங்களா தாத்தா?"

"அன்னைக்கு எனக்குக் கோவந்தான் வந்துச்சு. நல்லதுக்குச் சொன்னா இப்படிப் பண்றானேன்னு. உங்கம்மாகிட்ட" - என்னைப் பார்த்தார் - "சொன்னேன். அவதான் சொன்னா. 'உங்களுக்கு அந்த வெள்ளக்காரன் அப்பவே போனாப் போவுதுன்னு கல்லக் குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?'ன்னு. நான் வாங்கியிருக்க மாட்டேன்."

பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை விட்டுப் போனார்கள். துவான் புது அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அப்பா ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அதே துறைமுகத்துக்கு, இப்போது மேசைக்கு வெளிப்புறம் நிற்கிறவராகப் போய்வந்தார். உள்ளே நண்பர் படிப்படியாக மேலே வந்தார். நானும் தம்பியும் பிறந்து நடக்க ஓட ஆரம்பித்த பிறகு, ஊரில் நிலைமை சரியில்லை என்று அப்பா புதுச்சேரிக்குக் கிளம்ப முடிவு செய்தார். எங்கள் சாமான்களைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டியவர் அந்த நண்பர். அவரே இப்போது கொட்டகைக்குத் தலைவர்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எதற்கும் குறை சொல்லவில்லை, எதையும் பார்க்காமல் விடவும் இல்லை. முடிந்ததும் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "இப்போது எனக்கும் பிராஞ்சீஸ் இருக்கிறது" என்றார். அப்பா மகிழ்ச்சி என்றார். நண்பர் வரிசையாக இருந்த மேசைகளைக் காட்டினார். "இவர்களுக்கு இல்லை" என்றார். மேற்கொண்டு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அப்பதான் நான் கேட்டேன். கல்லை நாங்க எடுத்துக்கிட்டுப் போகல, ரொம்ப கனம், உனக்கு வேணுமான்னு. திருப்பி வேணாம்னுதான் சொல்லுவான்னு நெனச்சேன். அவன் உடனே சரின்னுட்டான். 'அது இங்கேயே கிடக்கும் சாமான். அதுக்கு யாரும் சீட்டு எழுத வேண்டாம்'னான். அன்னைக்குச் சாயங்காலமே வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டான்."

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நினைவிருக்கிறது என்று. இரண்டு ஆண்கள் மூங்கிலில் கயிறு கட்டிக் கல்லைத் தூக்கியது. ஒருவர் அப்பா. இன்னொருவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், படியில் கால் வைக்கும்போது ஏதோ சொல்ல அப்பா சிரித்தார். அம்மா குழவியைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வண்டியில் வைத்தார். கல்லை விற்றுவிட்டார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். "வெள்ளைச் சட்டைதான், அவன்தான்" என்றார். "படி வழுக்குதுன்னு சொன்னான். 'தண்ணியத் தொடச்சிட்டுப் போகணும்னு அந்த இன்ஸ்பெக்டர் சொல்லுவானே'ன்னான்."

இருவரும் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வந்தது. அப்புறம் போர் பெரிதாகிவிட்டது, நாங்களும் பிரான்சுக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பெண் நிறைய எழுதிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு என்ற சொல்லை அன்று அவள் சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டு அவர் பெயர் என்ன என்று கேட்டாள். அப்பா மூன்று பகுதியாக இருந்த அந்தப் பெயரைச் சொன்னார். அவள் காகிதத்தை நீட்டியபோது எழுத்துகளுக்கு மேலும் கீழும் வருகிற குறிகளோடு எழுதியும் காட்டினார். ஓர் எழுத்திலும் தயங்கவில்லை.

"தீசிஸ்ல இந்தப் பேரைப் போட முடியாது தாத்தா" என்றாள் அவள். "ரூல் இருக்கு. உங்க பேரை நீங்க பர்மிஷன் குடுத்தா போடலாம். அவர்கிட்டயோ அவர் ஃபேமிலிகிட்டயோ கேக்காம அவர் பேரைப் போடக் கூடாது."

"அவன எங்க போய்க் கேக்கறது?"

"அதான் தாத்தா. கேக்க முடியலைன்னா விட்டுடணும்."

அப்பா யோசித்தார். விதி என்றால் அவருக்குப் புரியும். எனக்கும் அது சரியான விதியாகவே பட்டது.

"அப்ப எம்பேரும் வேணாம்."

"உங்க பேர் இருந்தா வலுவா இருக்கும் தாத்தா. பேரோட பேச ஒத்துக்கற ஆளுங்க ரொம்பக் கம்மி."

"கொட்டாய்ல ரெண்டு மேசை இருந்துச்சும்மா. ஒரு மேசைக்கு மட்டும் பேர் எழுதினா அது எப்படி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைச் சம்மதிக்க வைப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு அவளே, முதல் எழுத்தர், இரண்டாம் எழுத்தர் என்று போடட்டுமா என்று கேட்டாள்.

"போடு. அவன் மொதல். அவன் எனக்கு முன்னாடி சேந்தவன்."

லிஃப்ட் பழுதாகியிருந்ததால் படியிறங்கி அவளை மெத்ரோ நடைமேடைவரை கொண்டுவிட்டேன். துவானில் எனக்கும் அனுபவம் இருக்குமே, ஒருநாள் பேசலாமா ஆன்ட்டி என்று கேட்டாள். என் காலத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அது உண்மைதானா என்று பன்னிரண்டாம் நம்பர் வண்டி வந்து அவள் ஏறிப் போன பிறகும் அங்கேயே நின்று யோசித்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று நான் கேட்டுவைத்திருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, பொண்டியிலிருந்து பேசிய தம்பியோடு தொலைபேசியில் இருந்தார். மருத்துவரிடம் எந்தக் கிழமை போக வேண்டும் என்பதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். புதன்கிழமைதான் என்று அப்பா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது வியாழக்கிழமை என்று நான் சமையலறையிலிருந்து சொன்னேன்.